வீடு வருமுன் வந்த கதவு

சர்வே சங்கிலி தரையில் இழுபடும் சத்தத்தைக் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியவில்லை. என் வயதுக்காரர்கள் என்றால் கேட்டிருப்பீர்கள். இப்போது மூன்று கால் வைத்த ஒரு கருவியை நட்டு, ஒரு பையன் அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சு அண்ணா" என்று போய்விடுகிறான். அப்போது இரும்புச் சங்கிலி. கம்பித் துண்டுகளை வளையம் போட்டுக் கோத்திருப்பார்கள். நடுநடுவே பித்தளை வில்லைகள் தொங்கும். அதை இழுத்துக்கொண்டு நடந்தால், கல்யாண வீட்டில் பாத்திரக் கூடையை இறக்குகிற மாதிரி சத்தம் வரும்.

நான் இன்று குடியிருக்கும் தெருவை அந்தச் சங்கிலியைப் போட்டுத்தான் அளந்தார்கள். அளந்து நட்ட கற்களில் முதல் கல்லைத் தவிர எதுவும் இன்று நட்ட இடத்தில் இல்லை. அவை எப்படி நகர்ந்தன என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. எழுதினால் பரவாயில்லை, என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

எங்கள் பழைய குடிசைகள் ஏரிக்கரைக்குக் கீழே இருந்தன. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே வரவேண்டும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். யாருடைய வயலில் வேலை செய்தோமோ அவர்களுடைய நிலத்தின் தாழ்ந்த மூலை அது. மழைக்காலத்தில் கரை கசிந்து, காலையில் அடுப்புக்குள் தவளை உட்கார்ந்திருக்கும். அம்மா அதை அகப்பையில் ஏந்தி வெளியே விடுவாள். "வாடகை குடுக்காத ஆளு" என்பாள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம் என்பது அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

அத்தை, என் நைனாவின் தங்கை. உத்திரமேரூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு தகரப் பெட்டியும் ஒரு கோழியுமாக வந்து இறங்கினாள். "எத்தினி நாளு இருப்ப?" என்று அம்மா கேட்டதற்கு, "கோழி குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அண்ணி" என்றாள். கோழி பொரித்தது. குஞ்சுகள் வளர்ந்து அவையும் பொரித்தன. அத்தை போகவில்லை.

யார் கேட்டாலும் நைனா ஒரே பதில்தான் சொல்வார். "விருந்துக்கு வந்துகீது. மாப்பிள்ள வந்து இட்டுகினு போவாரு." நான் அதை அப்படியே நம்பினேன். மாமா சைக்கிளில் மிக்சர் பொட்டலத்தோடு வருவார் என்று ஏரிக்கரை மேல் நின்று பார்ப்பேன். வந்த சைக்கிள் எல்லாம் பால்காரனுடையது.

அத்தை கடற்கரையில் ஓட்டல் கட்டும் இடத்தில் சித்தாள் வேலைக்குப் போனாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது புருவத்தில் சிமெண்ட் ஒட்டியிருக்கும், மடியில் எனக்குச் சிப்பி இருக்கும். ஆம்பிள்ளை மாதிரி விசில் அடிப்பாள். ராத்திரி எங்கள் குடிசையின் பக்கச் சாய்ப்பில் படுத்துக்கொள்வாள். அதற்குச் சாக்குப் படுதாதான் மறைப்பு. காற்று அடித்தால் படுதா தூக்கும். நாய் வந்து எட்டிப் பார்க்கும்.

"எனக்கு இன்னா வேணும் தெரியுமா மருமவனே? ஒரு தாழ்ப்பாளு. உள்ளார இருந்து போட்டுக்கிற தாழ்ப்பாளு. அத்த போட்டுட்டு காலை நீட்டிகினு தூங்கணும். எவன் தட்னாலும் 'யாரு?'ன்னு கேக்கணும்."

எனக்கு அது பெரிய ஆசையாகத் தெரியவில்லை. நான் அப்போது டார்ச் லைட் ஒன்றுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் முழுப் பரீட்சை லீவில் அத்தை என்னையும் கேங்மேன் மகனையும் ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். கேங்மேன் என்றால் ரயில்வேயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்களில் மாதச் சம்பளக்காரர் அவர் ஒருவர்தான். கேங்மேன் மாமா என்போம். அவர் மகன் என் வயது, என் கூட்டாளி.

ஓட்டலுக்காக அங்கே ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். இடித்த சுண்ணாம்பின் வாசனையும் கடல் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. அலையில் நின்று நாங்கள் இருவரும் அரைக்கால் சட்டையை நனைத்துக்கொண்டோம். உப்பு காய்ந்து கால் எல்லாம் வெள்ளையாக வரி வரியாகப் போட்டது. அதை நக்கிப் பார்த்து, யார் கால் அதிக உப்பு என்று சண்டை.

சுவரோரம் பங்களாவின் கதவுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இரட்டைக் கதவில் ஒரு பாதி தனியாக நின்றது. நீலப் பெயிண்ட். உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள், ஒரு குட்டி மீன் மாதிரி. அத்தை அதை இழுத்தாள், தள்ளினாள். மறுபடி இழுத்தாள். மேஸ்திரியிடம் போய், "இந்த வாரக் கூலி வேணாம். இந்தக் கதவைக் குடு" என்றாள்.

"இதுக்கு ஜோடியே இல்லியேம்மா."

"எனக்கும்தான் இல்ல. குடு."

மேஸ்திரி சிரித்துவிட்டார். "வூடு கீதா உனக்கு?"

"கதவு கெடச்சிடுச்சி. மிச்சம் தானா வரும்."

அன்று சாயங்காலம் அந்தக் கதவை பஸ்ஸின் மேல் ஏற்றினோம். அப்போதெல்லாம் பஸ் தலையில் சாமான் வைக்கக் கம்பித் தடுப்பு இருக்கும், பின்னால் ஏணி இருக்கும். கண்டக்டர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது?"

"கதவு."

"அது தெரியுது. வூடு எங்க?"

"வூடு பின்னால வந்துகினு கீது. இது முன்னால போவுது."

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் விடவில்லை. "லக்கேஜ் டிக்கெட்டு வாங்கு."

"புள்ளைங்களுக்கு அரை டிக்கெட்டு குடுக்கிற இல்ல? இதுவும் பாதிக் கதவுதான். அரை போடு."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க, மேலே கதவு தடதடவென்று அடித்துக்கொண்டு வந்தது. அது எங்களுடைய கதவு என்று பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதில் எனக்கும் கேங்மேன் மகனுக்கும் தாங்க முடியாத பெருமை.

கதவு எங்கள் மண் சுவரில் சாய்ந்து நின்றது. வீடு இல்லாத கதவு. நாங்கள் அதைக் கீழே படுக்க வைத்துப் படகு ஓட்டினோம். நிமிர்த்தி வைத்து நாடகம் போட்டோம். வெயில் நேரத்தில் அதன் மேல் கன்னத்தை வைத்துப் படுத்தால் குளிர்ச்சியாக இருக்கும், கடல் வாசனை வரும். நைனா மட்டும் அதைப் பார்க்காத மாதிரி போவார். விருந்துக்கு வந்தவள் கதவு வாங்கிக்கொண்டு வருவதை யாரிடம் எப்படிச் சொல்வது?

ஏரிக்கு அந்தப் பக்கம், பஸ் ரோட்டை ஒட்டி, வேலிகாத்தான் முள் மண்டிய கரம்பு நிலம் ஒன்று இருந்தது. அரசாங்கம் அதை வாங்கி எங்களுக்கு மனையாகப் பிரித்துத் தரப்போகிறது என்று பேச்சு வந்தது. பேச்சுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மத்தியானம் உண்மையாகவே ஒரு ஆபீசர் வந்தார், குடைக்குக் கீழே. வீடு வீடாக நின்று ஆள் கணக்கு எழுதினார். அத்தை வேலைக்குப் போயிருந்தாள்.

எங்கள் குடிசைக்கு முன் நின்று, "வேற யாரு இங்க?" என்றார். நீலக் கதவை ஒரு பார்வை பார்த்தார்.

"என் தங்கச்சி சார். விருந்துக்கு வந்துகீது. மாப்பிள்ள வந்து இட்டுகினு போயிடுவாரு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. புருஷன் இல்லாம தனியா இருக்கிற பொம்பளைன்னா அவங்களுக்கும் தனியா ஒரு மனை எழுதலாம்."

சுற்றி எல்லோரும் நின்றார்கள். நைனா அவர்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆபீசரின் குடையைப் பார்த்துச் சொன்னார், "போயிடும் சார்."

தங்கையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவர் நினைத்திருப்பார். நானும் அன்று ஏரிக்கரைக்கு ஓடிப்போய் நின்றேன். இவ்வளவு பெரிய ஆபீசரிடமே சொல்லிவிட்டார் என்றால் மாமா இன்றைக்கே வரவேண்டுமே.

சாயங்காலம் அம்மா அத்தையிடம் சொன்னாள். அத்தை முதலில் சிரித்தாள். அப்புறம் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தாழ்ப்பாளை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தாள். சோறு வேண்டாம் என்றாள். அத்தை சோறு வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

மறுநாளிலிருந்து நைனாவிடம் அவள் நேராகப் பேசவில்லை. எல்லாம் கதவு வழியாகத்தான்.

"கதவே, உங்க அண்ணாத்தைக்கு டீ வேணுமான்னு கேளு."

நைனாவுக்கு வேறு வழி இல்லை. அவரும் கதவைப் பார்த்து, "சக்கரை கம்மியா போடச் சொல்லு" என்பார்.

"கதவே, விருந்தாளி டீ போட்டா அப்படித்தான் இருக்கும்னு சொல்லு."

எங்களுக்கு அது பிரமாதமான விளையாட்டாகப் போயிற்று. தெருப் பிள்ளைகள் எல்லோரும் கதவிடம் பேச ஆரம்பித்தோம். அம்மாகூட ஒரு நாள், "கதவே, இந்த வூட்டு ஆம்பிள்ளைக்கு புத்தி வருமான்னு கேளு" என்றாள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார். திரும்பி வந்து, "லிஸ்ட்டு மேல போயிடுச்சாம்" என்றார். எது மேலே என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நாள் பனைமரத் தலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு சங்கிலி வந்தது. வேலிகாத்தானை வெட்டி எரித்த புகை அடங்காத கரம்பில், கலகலவென்று அது இழுபட, அதன் பின்னால் நாங்கள் ஊர்வலம் போனோம். ஒரே வரிசையாக மனைகள். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு கல். அந்தக் கோடி கிணறு, இந்தக் கோடி பஸ் ரோடு. நடுவில் ஒரு அங்குலம் மிச்சம் கிடையாது. ஒரு குடத்தில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். எங்களுக்குக் கிணற்றுப் பக்கம் முதல் மனை. கேங்மேன் மாமாவுக்கு ரோட்டோரம் கடைசி மனை. அவர் அன்றைக்கே அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மூன்று பக்கமும் காற்று வரும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

நைனா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "நம்ம மனையில பாதிய அவளுக்குக் குடுத்துடலாம்."

"குடு. பாதியில நாம அடுப்பு வைக்கலாம், பாதியில அவ அடுப்பு வைக்கட்டும். காலு யார் வூட்ல நீட்றது?" என்றாள் அம்மா. "அப்படியே குடுத்தாலும் அவ உன் வூட்டு விருந்தாளிதான். நீ சொன்ன பொய் நெசமாயிடும்."

சொர்ணவாரி என்கிற கோடைப் போகத்து நடவு நடந்துகொண்டிருந்த நேரம். அம்மாதான் நடவுக்கு ஆள் சேர்ப்பவள், வரிசையின் முதலில் நிற்பவள். நடவு வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரப்பிலிருந்து வரப்பு வரைக்கும் பெண்கள் தோளோடு தோள் குனிந்து நிற்பார்கள். யாராவது பிந்தி வந்தால் அவளைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்களில் கிடையாது. வரிசையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு எட்டு தள்ளிக்கொள்வார்கள். கடைசியில் ஒரு இடம் உண்டாகிவிடும். யாரும் எதுவும் பேசுவதில்லை, நாற்று நடும் கைகூட நிற்காது.

நான் கூழ்த் தூக்கோடு வரப்பில் நின்றிருந்த அன்று, கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிந்தி வந்தாள். வரிசை தள்ளிக்கொண்டது. அம்மா இடுப்பை நிமிர்த்தி நின்றாள்.

"ஏண்டி, இவ லேட்டா வந்தா. நாம இன்னா பண்ணோம்?"

"இன்னா பண்ணோம்? ஆளுக்கு ஒரு எட்டு தள்ளிக்கினோம்."

"இவளுக்கு எடம் கெடச்சுதா?"

"அதான் நிக்கிறாளே."

"உங்க யாருக்காவது எடம் பத்தாம போச்சா?"

"எனக்கு இடுப்பு நோவுதான் பத்தாம கீது. இன்னும் கொஞ்சம் குடு" என்று கடைசியில் நின்றவள் சொல்ல, வயல் முழுக்கச் சிரித்தது.

"அப்போ மனையிலயும் ஒரு எட்டு தள்ளிக்கலாமா? என் நாத்தனாருக்கு?"

சிரிப்பு நின்றது. கொக்கு ஒன்று வரப்பில் நடந்து போனது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரிதான் முதலில் பேசினாள். "கடப்பாரை யார் வூட்ல கீது?"

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தைக்கு ஞாயிறும் வேலை உண்டு, அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கதவை அங்கே கொண்டுவரும் வேலை பிள்ளைகளான எங்களுக்கு. பெரியவர்கள் கரம்புக்குப் போனார்கள். எங்கள் மனையின் கல்லை நைனாவே பிடுங்கி, கிணற்றுப் பக்கமாக ஒரு எட்டு உள்ளே நட்டார். அடுத்த வீட்டுக் கல் இரண்டு எட்டு. அதற்கடுத்தது மூன்று. எல்லோரும் கிணற்றை நோக்கி நெருங்கிக்கொள்ள, ரோட்டோரத்தில் அத்தைக்கு இடம் உண்டாகும். ரோட்டோரம் என்று சொன்னதும் அம்மாதான். அண்ணன் வீட்டிலிருந்து தள்ளி இருந்தால்தான் அது தனி வீடு, பஸ்ஸும் பக்கம்.

கல் நகர நகர, கடைசியில் யாருக்கு என்ன ஆகும் என்பதை அதுவரை யாரும் யோசிக்கவில்லை. கேங்மேன் மாமா சர்ச்சு முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தவர், ஒரே பார்வையில் கணக்குப் போட்டுவிட்டார்.

"நிறுத்து. உங்களுக்கெல்லாம் ஒரு எட்டுதான் போவுது. எனக்கு முழு மனையும் போவுது. என் எடத்துல அவ, அடுத்தவன் எடத்துல நானு."

"உன் மனை அப்படியேதான் கீது. கொஞ்சம் நகந்து கீது" என்றாள் அவர் மனைவி.

"பட்டா எங்க கீது? நாளைக்கு ஒருத்தன் வந்து, இது உன் எடம் இல்ல, எழுந்திருன்னா நான் எங்க போறது? அவ எங்க போவா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நைனா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கதவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தோம். முன்னால் கேங்மேன் மகன், பின்னால் நான், நடுவில் வாண்டுகள். கதவுக்குக் கீழே நிழலாக இருந்தது. சாமி ஊர்வலம் மாதிரி கத்திக்கொண்டு, ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, நேராகப் போய் ரோட்டோரக் கடைசி மனையின் நடுவில் இறக்கினோம்.

கேங்மேன் மாமா மகனைப் பார்த்தார். "இத்த எங்கடா எடுத்துகினு வந்த?"

"அத்தை வூட்டுக்கு."

"எங்கடா கீது அத்தை வூடு?"

அவன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். இதுகூடவா தெரியாது என்பது போல. காலால் தரையைத் தட்டிக் காட்டினான். "இங்கதான் நைனா."

அவர் அவன் கால் தட்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பனங்கன்றின் மட்டையில் மாட்டினார். எங்களுக்குப் பயமாக இருந்தது. கேங்மேன் மாமா சட்டையைக் கழற்றினால் சண்டை என்று அர்த்தம்.

"கடப்பாரையக் குடுங்கய்யா. கல்லு நகத்துற லட்சணமா இது? எட்டு வச்சி எட்டு வச்சி நகத்துனா, உன் எட்டு வேற அவ எட்டு வேற. ரயிலு இதுல ஓடுனா மொத வூட்லயே கவுந்துடும்."

வீட்டுக்கு ஓடி டேப்பும் நூல் கயிறும் கொண்டுவரச் சொன்னார். நகர்த்திய கல்லையெல்லாம் மறுபடி பிடுங்கி, முதலிலிருந்து அளந்து நட்டார்கள். எல்லோருக்கும் சமம், அத்தைக்கும் சமம். பெண்கள் ஆளுக்கு ஒரு கல்லுக்குப் பக்கத்தில், நடவு வரிசை மாதிரியே நின்றார்கள். "இன்னும் தள்ளு. எம்மா, நீ இல்ல, கல்லு." ஆண்கள் நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். கட்டை விரலை விட்டு நுங்கை உறிஞ்சி, தண்ணீர் முழங்கை வழியாக ஒழுக, நாங்கள் கல்லுக்குக் கல் ஓடிக்கொண்டிருந்தோம். நீங்கள் எத்தனை திருவிழா பார்த்திருந்தாலும் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மத்தியானத்துக்கு மேல் இரண்டு பனந்துண்டங்களை நட்டு, நடுவில் நீலக் கதவை நிறுத்தினார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. ஒரு கதவு மட்டும், வெட்டவெளியில்.

சாயங்காலம் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கினாள். ரோட்டோரத்தில் தன் கதவு நிற்பதைப் பார்த்தாள்.

"எவன்டா என் கதவைத் திருடியாந்து இங்க நட்டது?"

அம்மா கல்லைக் காட்டினாள். இந்தக் கல், அந்தக் கல், கடைசியில் ரோடு. "உன்னுது" என்றாள்.

அத்தை சுற்றி நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்தாள். கேங்மேன் மாமா உடம்பெல்லாம் மண்ணாக நின்றார். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே போனாள். சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பக்கவாட்டில் பார்த்தால் அவள் நிற்பது நன்றாகத் தெரிகிறது. கூடையைக் கீழே வைத்தாள், தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஆனாலும் சுற்றிப் போக யாருக்கும் கால் வரவில்லை. அவள் வீட்டுக்குள் இருந்தாள்.

நைனா போய்க் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான். உங்க அண்ணன்."

"யார் வூடு வேணும்?"

"என் தங்கச்சி வூடு."

"அவ விருந்துக்கு வந்தவ ஆச்சே. மாப்பிள்ள வந்து இட்டுகினு போவாரே."

நைனா எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசர் குடையைப் பார்த்த மாதிரி இல்லை, எல்லோரையும் நேராகவே பார்த்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மாப்பிள்ள வர மாட்டான். வந்தாலும் அனுப்ப மாட்டேன். என் தங்கச்சி இங்கதான் இருப்பா. இது அவ வூடு."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செருப்ப வெளிய வுட்டுட்டு வா" என்றாள்.

அன்று அவள் கூடையில் நெத்திலி இருந்தது. அந்த வெட்டவெளி வீட்டில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். ஊரே சாப்பிட்டது. ஒவ்வொருவரும் கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள், தட்டிவிட்டுத்தான் போனார்கள். நான் திரும்பத் திரும்ப வெளியே வந்து தட்டிக்கொண்டே இருந்தேன்.

பட்டா கொடுக்க ஆபீசர் வந்தபோது அங்கே ஓலைச் சுவரும் கூரையும் வந்திருந்தன. "இது யாரு, லிஸ்ட்ல இல்லாத வீடு?" என்றார். கேங்மேன் மாமா முந்திக்கொண்டார். "என் மனைதான் சார். என் தங்கச்சி, விருந்துக்கு வந்துகீது." கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் சிரிப்பு கேட்டது. ஆபீசருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் காலம் ஓடிவிட்டது. ஐந்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். செங்கல் சூளை, அப்புறம் மறைமலைநகரில் கம்பெனி பஸ் கிளீனர், இப்போது அதே பஸ்ஸுக்கு டிரைவர். ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய்த் தளம் வந்தது. நைனா இல்லை, அம்மா இல்லை, கேங்மேன் மாமாவும் இல்லை. அவர் மகன் படித்து, சிறுசேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். குடியிருப்பது கூடுவாஞ்சேரியில். அத்தை இருக்கிறாள். கதவும் இருக்கிறது, எத்தனையோ முறை பெயிண்ட் அடித்து. எப்போதும் நீலம்தான்.

போன வருடம் மூன்று கால் கருவி வந்தது. பையன் மனைப் படத்தையும் தெருவையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "அண்ணா, முதல் வீட்டை விட்டா இங்க ஒரு வீடு கூட முழுசா அவங்கவங்க மனையில இல்லையே" என்றான். அத்தை வீட்டுக்கு முன் நின்று, "இந்த வீடு முழுசா வேற ஒருத்தர் பட்டாவுல இருக்கு" என்று பெயரைப் படித்தான். கேங்மேன் மாமாவின் பெயர்.

ரோட்டோர நிலத்துக்கு இப்போது எங்கள் பக்கம் என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். தரகர்கள் அதற்குள் கூடுவாஞ்சேரிக்குப் போய் வந்துவிட்டார்கள். கேங்மேன் மகனின் பெயர் போனில் வந்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்பான், நான் என்ன சொல்வேன்? பெரியவர்கள் செய்தது பேச்சு. அவன் கையில் இருப்பது பட்டா. அத்தை மட்டும் எப்போதும் போல வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "இன்னாடா மூஞ்சி, கசாயம் குடிச்சவன் மாதிரி?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வண்டியில் வந்து என் வீட்டு முன் நின்றான்.

"இன்னா மச்சான், போன் எடுக்க மாட்டியா? பத்திரம் எழுதறவங்க யாராவது தெரியுமான்னு கேக்கத்தான் அடிச்சேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? எங்கப்பா பயந்துகினே செத்தாரு, ஒருத்தன் வந்து அத்தைய எழுப்பிடுவான்னு. அந்த ஒருத்தன் நானா இருக்கச் சொல்றியா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

பத்திரம் எழுதுபவர் எங்கள் தெருவின் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்து, அவரிடமிருந்து எழுதி வாங்க வேண்டும். அத்தைக்கு அவன் மனையைத் தானமாக எழுத வேண்டும். அதில் உறவுமுறை கேட்டார்கள்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அத்தை" என்றான் கேங்மேன் மகன்.

சாட்சிக்கு நான். எனக்கு அவள் என்ன முறை? அத்தை. இன்னொரு சாட்சி, அன்று கைக்குழந்தையாக இருந்தவள். அவளுக்கும் அத்தை.

"மூணு பேரும் மூணு குடும்பம். ஒருத்தர் சர்ச்சுக்குப் போறவர். எப்படிங்க எல்லாருக்கும் அத்தை? இவங்களுக்கு எத்தனை அண்ணன்?"

அத்தை நாற்காலியில் இருந்து சொன்னாள். "தெருவுல கீற ஆம்பிள்ள அத்தினி பேரும்தான். அசல் ஒருத்தன். அவன்தான் பொய் சொன்னவன்."

பதிவு நாளன்று இரண்டு வேனில் போனோம். கைக்குழந்தைகள் முதல் தாத்தாக்கள் வரை பட்டுக் கட்டியிருந்தோம். ஆபீசில் இருந்தவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்திருக்கிறோம் என்று நினைத்து மாப்பிள்ளையைத் தேடினார்கள். அத்தை விரல் ரேகை வைக்கும்போது, "சிமெண்ட்டு தின்ன வெரலு, தெரியாது" என்றாள். மெஷினும் இரண்டு முறை மறுத்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டது.

பதிவாளர் கேங்மேன் மகனிடம் கேட்டார். "ரோட்டோர இடம். தெரிஞ்சு, சம்மதிச்சுத்தான் குடுக்கறீங்களா?"

"ஆமா சார்."

"உங்கப்பா மனையில இவங்க வீடு எப்படி வந்தது?"

"நான்தான் சார் கதவைக் கொண்டாந்து வச்சேன்."

பதிவாளர் அவனை நிமிர்ந்து பார்த்தார். முத்திரையைக் குத்தினார்.

சாயங்காலம் பத்திரத்தோடு தெருவுக்குத் திரும்பினோம். அத்தை முன்னால் போய் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் வாசலில் நின்றோம். யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் ஒரே நினைவுதான். கேங்மேன் மகன் சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு போய்க் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"அத்தை, நான்தான். பத்திரம் கொண்டாந்துகீறேன். தாழ்ப்பாளத் தொற."

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். அடுப்பில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள், நெத்திலி வாசனை வந்தது.

"தாழ்ப்பாளு போட்டாத்தானடா தொறக்கறதுக்கு? அத்த நான் போட்டு எத்தினியோ வருசம் ஆச்சி. தள்ளிகினு வாங்க. செருப்ப வெளிய வுட்டுட்டு."